திருப்பித் தள்ளுகிற சிரிஞ்சு

தூத்துக்குடியில் ஒரு சிரிஞ்சு தன்னைத் தள்ளியவர்களைத் திருப்பித் தள்ள ஆரம்பித்ததற்கு முந்தின நாள்வரை அந்த ஊரில் யாரும் யாரையும் சந்தேகப்பட்டதில்லை என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம், அவர் அநேகமாக வெளியூர்க்காரராக இருப்பார். இங்கே மீன் வாங்குகிறவள் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், மீன் விற்கிறவள் நோட்டைத் தூக்கி வெயிலில் பார்ப்பாள், உப்பளத்துக் கங்காணி உப்பு வெள்ளையாக இருந்தால் ஏன் இவ்வளவு வெள்ளை என்று நக்கிப் பார்ப்பார், பூசை முடிந்து வெளியே வருகிறவர்கள் செருப்பைப் போடுவதற்கு முன்னால் குனிந்து இது நம்முடையதுதானா என்று முகர்ந்துகூடப் பார்ப்பார்கள், இத்தனை பேரையும் ஒரு தட்டில் ஏற்றி டெல்பின் மைனியை மட்டும் இன்னொரு தட்டில் ஏற்றினால் மைனியின் தட்டுதான் தரையில் இடிக்கும்.

டெல்பின் மைனி ரெக்சலினுக்கு அண்ணன் பொண்டாட்டி. அண்ணன் கில்பர்ட் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை பார்க்கிறான், வருஷத்தில் பாதி நாள் கடலில். மைனி வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள், அளவு கொடுக்க வருகிறவள் மூச்சை இழுத்துப் பிடித்து ஏமாற்றுகிறாளோ என்று பேச்சுக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்து மூச்சுவிட வைத்துவிட்டுத்தான் டேப்பை இறுக்குவாள். அந்த மைனிக்கு வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி வந்தது. மைனி முதலில் கடை மிளகாய்த்தூளைச் சந்தேகப்பட்டாள், அப்புறம் எதிர்வீட்டுக் கித்தேரியம்மாவின் கண்ணைச் சந்தேகப்பட்டாள், கடைசியாகத்தான் உடம்பைச் சந்தேகப்பட்டாள். வயிற்றைப் படம் எடுத்ததில் ஈரலில் ஒரு புள்ளி தெரிந்தது. திருநெல்வேலி சர்ஜன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, தர்பூசணிக்கு விலை சொல்லுகிறவர் மாதிரி, "வெட்டி எடுத்துருவோம்மா, மே மாசக் கடைசியில வந்து படுங்க" என்றார்.

ரெக்சலின் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியனாக வேலை பார்க்கும் முத்துச்சிப்பி ஸ்கேன் சென்டரின் டாக்டர் வைகுண்டமணி அதே படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முக்கியமாக எதையாவது சொல்வதற்கு முன்னால் அவர் எப்போதும் துடைப்பார், அதனால் அந்தக் கண்ணாடி எப்போதும் அழுக்காகவே இருக்கும்.

"ஸீ ரெக்சலின், பேசிக்கலி ஈரல்ல இருக்கிற புள்ளி எல்லாம் ஒரே ரகம் கிடையாது. சிலது வெறும் ரத்தக்குழாய் முடிச்சு, பாவம், சும்மா கிடக்கும். அதைப் போய் வெட்டக் கூடாது. சாய மருந்தை நரம்புல ஏத்தி, ஏத்துன அந்த நேரத்துலயே படம் எடுத்தா, புள்ளி மருந்தை எப்படிக் குடிக்குதுன்னு பாத்து ரகத்தைச் சொல்லிரலாம். ஆனா நம்மகிட்ட பம்ப் இல்லியே."

பம்ப் இல்லாதது சின்ன விஷயம் இல்லை. ஸ்கேன் அறையில் இருக்கிற காந்தம் தூங்காது, கரண்ட் போனாலும் தூங்காது, இரும்பு என்று எது உள்ளே போனாலும் பிடுங்கி, நோயாளி படுக்கிற தன் குகைக்குள் ஒட்டவைத்துக்கொள்ளும். சாதாரண பம்ப்பில் மோட்டார் இருக்கிறது, மோட்டாருக்குள் இரும்பு இருக்கிறது. இரும்பில்லாத பம்ப் வெளிநாட்டிலிருந்து வரும், அதன் விலையைக் கேட்ட அன்றைக்கு டாக்டருக்கு ஒரு காது கேட்காமல் போனது. ஆள் உள்ளே நின்று கையால் ஏற்றலாம் என்றால், ஏற்றிவிட்டு அவர் வெளியே வந்து கதவைச் சாத்துவதற்குள் ஈரல் குடித்து ஏப்பம் விட்டுவிடும். மதுரைக்குப் போய் எடுக்கலாம் என்றால் மைனி வர மாட்டாள். "கழத்திக் குடுக்கிற சங்கிலியத் திருப்பித் தருவாங்கன்னு எவ சொன்னா?" என்பாள்.

ஆகவே ரெக்சலின் தானே ஒன்று செய்தாள். மீன் வெட்டுகிற பிளாஸ்டிக் பலகையை அறுத்துச் சட்டம் போட்டாள், பிள்ளைகள் அடுக்கி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளை ஒட்டித் தாங்கி வைத்தாள், ஸ்பிரிங் வேண்டிய இடத்தில் ரப்பர் செருப்பின் வார், ஆணி வேண்டிய இடத்தில் மூங்கில் குச்சி, கட்டுவதற்கு மீன்பிடி நரம்பு. அறைக்கு உள்ளே ஒரு சிரிஞ்சு, கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒரு சிரிஞ்சு, இரண்டுக்கும் நடுவில் சுவர்த் துளை வழியாகத் தண்ணீர் நிரப்பிய நீளக் குழாய். வெளியே தள்ளினால் தண்ணீர் நகரும், தண்ணீர் நகர்ந்தால் உள்ளே கட்டை நகரும், கட்டை நகர்ந்தால் அதன் முன்னால் பூட்டிய மருந்துச் சிரிஞ்சு மருந்தை ஏற்றும். மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை, இரும்பு இல்லை. மனிதர்களில் ஏற்றிப் பார்க்கும் முன் எதிலாவது ஏற்றிப் பார்க்க வேண்டும் அல்லவா, ஈரல் மாதிரி வழவழப்பாக, உள்ளே ஈரமாக, மேலே தோலோடு எது இருக்கிறது என்று யோசித்து, ரோட்டோரம் குவித்திருந்த நுங்கை வாங்கிவந்து காந்தத்தின் குகைக்குள் படுக்கவைத்து, அதன் ஒரு கண்ணில் ஊசியைச் செருகித் தள்ளினாள். வெண்ணெய் மாதிரி போனது. திரையில் நுங்கின் கண் பளிச்சென்று விழித்தது. நாள் முழுக்கத் தள்ளினாள், நுங்கு மாற்றி நுங்கு வைத்துத் தள்ளினாள், ஒரு தடவைகூட அது முரண்டு பிடிக்கவில்லை.

மறுநாள் டாக்டர் தள்ளினார். அது திருப்பித் தள்ளியது.

கட்டைவிரல் நகம் அளவுக்கு, நிதானமாக, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் முழங்கையால் தன் இடத்தை மீட்டுக்கொள்வது மாதிரி. டாக்டர் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். உள்ளே நுங்கு மட்டும் படுத்திருந்தது.

"ஏர்லாக்" என்றார் டாக்டர், கண்ணாடியைத் துடைத்தபடி.

குழாயில் காற்று இல்லை. ரெக்சலின் குழாயை மாற்றினாள், சிரிஞ்சை மாற்றினாள், தண்ணீரை மாற்றினாள், நுங்குக்குப் பதில் பப்பாளியை வைத்தாள், பப்பாளிக்குப் பதில் இட்லி மாவுப் பையை வைத்தாள். ரெக்சலின் தள்ளினால் வெண்ணெய், டாக்டர் தள்ளினால் முழங்கை. வாட்ச்மேன் முத்துக்குட்டி அண்ணாச்சியைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னார்கள். அண்ணாச்சி துறைமுக கேட்டில் காவல் இருந்தவர், எதையும் சல்யூட் அடித்துவிட்டுத்தான் செய்வார். சல்யூட் அடித்தார், தள்ளினார், சிரிஞ்சு அவர் கையைக் கிட்டத்தட்ட மணிக்கட்டுவரை திருப்பித் தள்ளியது. அண்ணாச்சி முகம் வெளுத்து, யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்.

"டாக்டரய்யா, மத்தியானம் ஸ்ட்ரெச்சர்ல படுத்துத் தூங்குனது நாந்தான். அங்க பேய் படுத்திருக்குன்னு நர்சுமார்கிட்டக் கிளப்பிவிட்டதும் நாந்தான்."

சொல்லிவிட்டு இன்னொரு தடவை தள்ளினார். இப்போது லேசாகத்தான் தள்ளியது.

அவ்வளவுதான், ஊர் பிடித்துக்கொண்டது. எது தள்ளுகிறது, எப்படித் தள்ளுகிறது என்று கேட்டவர்கள் குறைவு, அதையெல்லாம் கேட்க நேரமில்லை, யாரை யார் கூட்டிக்கொண்டு போய்த் தள்ளவைப்பது என்பதுதான் அவசரமாக இருந்தது. போனுக்குப் போன் ஒரு குரல் சுற்றியது, மூச்சு வாங்க, "பிரெண்ட்ஸ், இது ஃபார்வர்டு மெசேஜ் இல்ல, என் கூடப்பொறந்த சித்தி மவ நேர்ல போய்த் தள்ளிட்டு வந்திருக்கா, உள்ள ஏதோ இருந்தா தள்ளுதாம், இல்லன்னா தள்ளாதாம், வயசு வித்தியாசம் இல்ல, மதம் வித்தியாசம் இல்ல." மருமகளைக் கூட்டிக்கொண்டு மாமியார் வந்தாள், மருமகளைச் சிரிஞ்சு விரல்கடை அளவு தள்ள, "பாத்தியளா பாத்தியளா" என்று மாமியார் பூரித்துப்போய்த் தானும் தள்ளிப் பார்க்க, அவளை நாற்காலியோடு நகர்த்தியது. கடையாட்களைக் கூட்டிக்கொண்டு முதலாளி வந்தார், கடையாட்கள் முதலாளியை முதலில் தள்ளச் சொன்னார்கள், முதலாளிக்குச் சட்டென்று பாங்கு வேலை ஞாபகம் வந்தது. கவுன்சிலர் கூட்டத்தோடு வந்து, கூட்டத்தையெல்லாம் தள்ளவைத்துப் படம் எடுத்துக்கொண்டு, "நமக்குத் தோள்பட்டை இறங்கிக் கெடக்குப்பா, டாக்டரே தள்ளக் கூடாதுன்னுட்டாரு" என்று குரலை மட்டும் உயர்த்திக்கொண்டு போனார். இதையெல்லாம் தடுக்க வந்த பங்குச் சாமியார் தடுப்பதற்கு முன்னால் எதைத் தடுக்கிறோம் என்று தெரிய வேண்டுமே என்று ஒரு தடவை தள்ளினார், அங்கியைச் சரிசெய்துகொண்டு திரும்பினார், அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் வழக்கத்தில் பாதிதான் இருந்தது.

கொஞ்ச நாளில் ஊருக்கு அது பழகிவிட்டது. டீக்கடையில் யாராவது அளந்துவிட்டால், "தள்ளிட்டு வந்து பேசுல" என்றார்கள். பெண் பார்க்கப் போகிற வீட்டில், "பையன் தள்ளிட்டானா?" என்று கேட்டார்கள். சின்னதாகத் தள்ளப்பட்டவர்கள் சுண்டுவிரல்காரர்கள், பெரிதாகத் தள்ளப்பட்டவர்கள் மணிக்கட்டுக்காரர்கள் என்று பெயர் வந்தது, சுண்டுவிரல்காரர்கள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்கள். வரிசையில் நிற்கும்போதே பக்கத்தில் நிற்கிறவரிடம் எதையாவது ஒப்புக்கொண்டால் தள்ளு குறைகிறது என்று கண்டுபிடித்தார்கள், ஆகவே வரிசை முழுக்க முணுமுணுப்பு, முணுமுணுப்பைக் கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்ல, வீட்டில் சண்டை, சண்டை போட்டவர்கள் மறுநாள் வரிசையில். டாக்டர் முதலில் முறைத்தார், பிறகு, தள்ள வந்தவர்களில் பாதிப் பேர் வந்ததோடு வந்ததாக முட்டியையும் முதுகையும் ஸ்கேன் எடுத்துக்கொண்டு போவதைக் கவனித்து, ஒரு போர்டு தொங்கவிட்டார்: தள்ளிப் பார்க்க, மதிய உணவு இடைவேளை மட்டும்.

எல்லாரையும் தள்ளியது. பச்சைப்பிள்ளையைத் தூக்கிவந்து அதன் விரலை வைத்து அழுத்தியபோதுகூட, ஒரு எறும்பு அளவுக்கு, மரியாதைக்கு, தள்ளியது. ரெக்சலினை மட்டும் தள்ளவில்லை.

முதலில் இதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தது கித்தேரியம்மா. அவள் மணிக்கட்டுக்காரி, ஆகவே நிறைய நேரம் யோசித்தாள்.

"ஊருல உள்ள அத்தன பேரையும் தள்ளுது, இவளை மட்டும் தள்ளலன்னா என்ன அர்த்தம்?" என்றாள் வரிசையில் நின்றபடி. "இவதான் தள்ளுதா."

அந்த வார்த்தை வரிசையின் முனையிலிருந்து ரோட்டைத் தாண்டிப் பேக்கரிவரை போய்த் திரும்பி வந்தபோது அது எல்லாருக்கும் முன்பே தெரிந்த விஷயமாகிவிட்டிருந்தது. ரெக்சலினின் இரண்டு கையையும் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, மூன்றாவது ஆள் தள்ளிப் பார்த்தார், தள்ளியது. அவளை ரோட்டில் நிறுத்திவைத்துவிட்டுத் தள்ளிப் பார்த்தார்கள், தள்ளியது. "அப்போ முழங்காலால அமுக்குதா" என்றார்கள், "வேற யாரையோ உள்ள வச்சிருக்கா" என்றார்கள், நேற்றுவரை அவளிடம் "பிள்ளே, கொஞ்சம் முன்னாடி விடு" என்று கெஞ்சினவர்கள் இன்று அவள் கொடுத்த தண்ணீரை முகர்ந்து பார்த்துக் குடித்தார்கள். ரெக்சலினுக்கே சில நேரம் சந்தேகமாக இருந்தது. குனிந்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டாள்.

ஊர் சொன்னதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. மே மாதம் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்காக இதைச் செய்தாளோ அந்த மைனி பக்கத்தில் வர மாட்டேன் என்றாள்.

"வெறும் சிரிஞ்சுக்குப் போய் ஊரு கூடி நிக்குது, கூறுகெட்ட ஜனம்" என்றாள் மைனி, வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு, ஊசியின் இரண்டு பக்கமும் வார்த்தையை விட்டு. தைக்கும்போது அவளுக்கு வாயில் குண்டூசி இருந்தாக வேண்டும்.

"வெறும் சிரிஞ்சுதான மைனி, அப்போ வந்து படுங்க."

"ஏட்டி, அந்தப் பக்கம் தள்ளுறது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"யாருன்னே தெரியாதவன என் நரம்புல கை வைக்க விடுவேனா? நான் சர்ஜன்கிட்டயே போறேன். அவன் யாருன்னாவது தெரியும். மூக்குல மரு இருக்கும்."

"சும்மா கெடக்கிற முடிச்சா இருந்தா வயித்தக் கிழிச்சது வீணாப் போவும். அண்ணனும் ஊருல இல்ல."

"உங்கண்ணன் தோணியில இருக்கான்னு நீ நெனைக்க," என்று சொல்லி மைனி மெஷினை ஓட்டத் தொடங்கினாள்.

இப்படி இருக்கும்போதுதான் தகடுகள் வர ஆரம்பித்தன. கண்வலி வந்தால் தகட்டில் வெட்டின கண், கால்வலி வந்தால் தகட்டில் வெட்டின கால், பிள்ளை இல்லையென்றால் தகட்டில் வெட்டின தொட்டில் என்று காணிக்கை போடுகிற ஊர் இது. அம்மன் கோயில் வாசலில் விற்கிற அதே தகடுதான் மாதா கோயில் வாசலிலும் விற்கும். கேட்டதைச் சொல்லுகிற சிரிஞ்சு கேட்டதைக் கொடுக்காதா என்று யாருக்கோ தோன்ற, வெளிச் சிரிஞ்சின் காலடியில் ஒரு தகரக் கை முளைத்தது, அடுத்த நாள் இரண்டு கண், அப்புறம் உப்பும் மிளகும், அப்புறம் ஒரு முழுக் கால். ரெக்சலின் பதறிப்போய் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் வாளியில் வாரி வாசலுக்கு வெளியே வைத்தாள். தகரம் இரும்புதான், காந்தம் கண்டால் விடாது என்று வரிசையில் நின்றவர்களிடம் ஒவ்வொருவராகச் சொன்னாள். அவர்கள் தலையாட்டினார்கள். இவள் ஏன் தடுக்கிறாள் என்று அவர்களுக்கு நன்றாகப் புரிந்தது.

"இந்தப் பக்கம் தள்ளுறது நாம" என்று கித்தேரியம்மா பேக்கரி வாசலில் கூட்டத்துக்கு விளக்கினாள், சாமியாரே ஒரு பிரசங்கத்துக்கு இவ்வளவு நிதானம் காட்டியதில்லை. "அந்தப் பக்கம் தள்ளுறதுதான் அவுக. காணிக்கைய வாங்குறவுக கிட்ட வைக்கணுமா, குடுக்கிறவன் கிட்ட வைக்கணுமா? இவ நம்மள வெளியவே வைக்க விடுதா. உள்ள போவாம பாத்துக்கிடுதா."

நியாயம்தானே. தெருவில் அவரவர் கொடுத்த தகடுகளையெல்லாம் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள் கித்தேரியம்மா. ஒரு மத்தியானம் ரெக்சலின் நுங்கை மாற்றக் கனமான அந்தக் கதவைத் திறந்து உள்ளே போய்க் குனிந்தபோது, முத்துக்குட்டி அண்ணாச்சி "ஏய், நில்லு, நில்லு" என்று சல்யூட்டை மறந்து ஓடிவருவதற்குள், கித்தேரியம்மா வாசற்படியில் நின்று முந்தானையை அவிழ்த்தாள்.

தகடுகள் கீழே விழவில்லை. சாளை மீன் கூட்டம் ஒன்று வலையைக் கண்டு திரும்புகிற மாதிரி, கண்ணும் கையும் காலும் தொட்டிலும் பளபளவென்று ஒரே திசையில் திரும்பி, அறையைக் குறுக்கே நீந்தி, ரெக்சலினின் தலைக்கு மேலும் காதுக்குப் பக்கத்திலும் பாய்ந்து, குகைக்குள் போய்ச் சடசடவென ஒட்டிக்கொண்டன. ஒரு கால் நுங்கை இரண்டாகப் பிளந்தது. ஏதோ ஒன்று அவள் காதுமடலைக் கிழித்துக்கொண்டு போனது. ஒட்டிக்கொண்ட கண்கள் எல்லாம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. மூங்கிலும் செருப்பு வாரும் போட்ட சட்டம் மட்டும், அதில் இரும்பே இல்லாததால், ஒன்றும் நடக்காத மாதிரி அதன் இடத்தில் இருந்தது.

காதில் பஞ்சை வைத்துக்கொண்டு ரெக்சலின் மரக்கரண்டியால் ஒவ்வொரு தகடாக நெம்பி எடுத்தாள். கடைசியில் வந்தது கடையில் விற்கிற தகடு இல்லை. கத்தரியால் வெட்டினது, விளிம்பெல்லாம் பிசிறு, பிசிறில் அவள் ரத்தம். ஒரு மடல் நீளமாக, ஒரு மடல் குட்டையாக இருந்தது. பின்பக்கம் நீல வர்ணத்தில் பாதி பிஸ்கட்டின் படம். டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இது எந்த உறுப்பு என்று தெரியவில்லை என்றார். மீன் அறுக்கிற வீட்டில் வளர்ந்த ரெக்சலினுக்குத் தெரிந்தது, அது சுறாவின் ஈரல்.

"தட்ஸ் இட்" என்றார் டாக்டர். கண்ணாடியைத் துடைக்கவே இல்லை. "மெஷினுக்கு ஏதாவது ஆயிருந்தா நான் தெருவுல நிக்கணும். இன்னிக்கே கழத்திப் போட்டுரு."

"ஒரே ஒரு பேஷண்ட் சார். அப்புறம் நானே கழத்திருதேன்."

"உங்க மைனிதானே. அவங்கதான் மாட்டேன்னுட்டாங்களே."

"கேட்டுட்டு வாறேன் சார்."

டாக்டர் அவள் காதைப் பார்த்தார். "நாளைக்கு. ஊர் ஜனம் ஒருத்தர்கூடக் காம்பவுண்டுக்குள்ள இருக்கக் கூடாது" என்றார்.

வீட்டில் மைனி ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தாள். ரெக்சலின் தகட்டைத் துணிக்கு மேலே வைத்தாள்.

"என்னதிது?" என்றாள் மைனி.

"நீங்கதான் சொல்லணும்."

"பிஸ்கட் டப்பா மூடி மாதிரி இருக்கு."

"பித்தான் போட்டு வச்சிருந்த டப்பா. நம்ம வீட்டு டப்பா."

"ஊருல நாம மட்டுமா பிஸ்கட் திங்கோம்?"

"சுறா ஈரல் மாதிரி வெட்டியிருக்கு மைனி."

மைனி கத்தரியைக் கீழே வைக்கவில்லை. அந்தத் துணியை ஓரம்வரை வெட்டி முடித்தாள்.

"மனுச ஈரல நான் எங்க கண்டேன்," என்றாள். பிறகு, "கித்தேரியம்மா சொல்லிட்டாளோ?"

"அவ யாரு குடுத்ததுன்னு வாயே தெறக்கல."

"அப்போ இன்னும் மோசம். மனசுக்குள்ள வச்சிருப்பா." மைனி நிமிர்ந்தாள். "காதுல என்னட்டி பஞ்சு?"

"உங்க ஈரல் கிழிச்சது."

மைனி எழுந்துவந்து பஞ்சை விலக்கிப் பார்த்தாள், தையல் போட வேண்டியிருக்குமா என்று பார்க்கிறவள் மாதிரி மடலைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள், ரெக்சலின் "மைனி, வலிக்கி" என்று சொன்ன பிறகும் விடவில்லை.

"ஊரே சொல்லுது, நீதான் தள்ளுதேன்னு."

"நீங்க என்ன நெனைக்கீய?"

"நான் யாரையும் நம்ப மாட்டேன், உனக்குத் தெரியும். எல்லாரையும் தள்ளுற ஒண்ணு உன்னைய மட்டும் தள்ளலன்னா, ஒண்ணு நீ அதுக்குக் கூட்டாளி, இல்லன்னா அது உன்னையக் கண்டு பயப்படுது. ரெண்டுல எதுன்னாலும் சரி. நீ தள்ளுனா நான் படுக்கேன். வேற எவன் கையி பட்டாலும் ஊசியப் பிடுங்கிட்டு எந்திரிச்சு வந்துருவேன். உங்க டாக்டர்கிட்டச் சொல்லிரு."

மறுநாள் காம்பவுண்டு கேட்டைப் பூட்டிவிட்டு முத்துக்குட்டி அண்ணாச்சி முதுகைச் சாத்திக்கொண்டு நின்றார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊர் நின்றது, கித்தேரியம்மா குடை பிடித்து நின்றாள், பூட்டிவைத்துக்கொண்டு உள்ளே செய்கிற காரியம் நல்ல காரியமாக இருக்காது என்று எல்லாரும் ஒரே மனதாக இருந்தார்கள். உள்ளே மைனி ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தாள்: தாலிச் சங்கிலி, தோடு, ஜெபமாலை, கழுத்தோரம் ஒரு ஊக்கு, இடுப்பில் ஒரு கொத்து ஊக்கு. ஒவ்வொன்றுக்கும் டாக்டரின் முகத்தைப் பார்த்து, "பாத்துக்கிடுங்க, நீங்கதான் சாட்சி" என்றாள். டாக்டரும் நீதிமன்றக் கூண்டில் நிற்கிறவர் மாதிரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எல்லாம் முடிந்ததும் ரெக்சலின், "மைனி, வாயத் தெறங்க" என்றாள். கடைவாயில் ஒரு குண்டூசி இருந்தது. மைனி அதைத் துப்பிக் கொடுத்தாள்.

புதுச் சிரிஞ்சு, புதுக் குழாய், புதுத் தண்ணீர். மைனியின் கைநரம்பில் ஊசியை ஏற்றி, ஒட்டுப்போட்டு, சாய மருந்து நிரப்பிய சிரிஞ்சைச் சட்டத்தில் பூட்டி, அவளைக் குகைக்குள் அனுப்பிவிட்டு ரெக்சலின் கதவைச் சாத்தினாள். இந்தப் பக்கம் வந்து வெளிச் சிரிஞ்சில் கட்டைவிரலை வைத்தாள். மெஷின் டக் டக் டக் என்று கதவு தட்டியது, பிறகு பலகை அறுத்தது, பிறகு ஏலக்காரன் மாதிரி ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கத்தியது.

"ரெடி" என்றார் டாக்டர், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். "மூச்சைப் பிடிக்கச் சொல்லு. இப்போ ஏத்து."

"மூச்சப் பிடிங்க மைனி" என்று மைக்கில் சொல்லிவிட்டு ரெக்சலின் விரலை அழுத்தப் போனாள். அழுத்துவதற்கு இடம் இல்லை. சிரிஞ்சின் தண்டு அவள் விரலை விட்டு விலகி, தானாக, உள்ளே போய்க்கொண்டிருந்தது.

தள்ளவில்லை, இழுத்தது. அந்தப் பக்கத்திலிருந்து, ஒரே சீராக, எந்தக் கையாலும் முடியாத நிதானத்தில். அவள் தண்டைப் பிடித்தாள். பிடித்ததும் அது நின்றது, அவளுக்காகக் காத்திருந்தது. யாருன்னே தெரியாதவன என் நரம்புல கை வைக்க விடுவேனா என்று மைனி கேட்டது அவள் காதுக்குள்ளே கேட்டது, கிழிந்த காதுக்குள்ளே. உள்ளே மைனி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். அவள் எவருக்காகவும் மூச்சைப் பிடிக்காதவள், இப்போது பிடித்துக்கொண்டு கிடந்தாள், அந்த மூச்சு முடிவதற்குள் மருந்து போக வேண்டும். இப்போது விடாவிட்டால் ஈரல் தப்பிவிடும், அப்புறம் மே மாதக் கடைசி, மூக்கில் மரு உள்ள சர்ஜன், கத்தி.

"ரெக்சலின்" என்றார் டாக்டர்.

அவள் விரலை எடுத்தாள்.

தண்டு போனது. கடைசிச் சொட்டுவரை போனது. மெஷின் கத்தி ஓய்ந்து மறுபடி கத்தியது, மைனியை மூச்சுவிடச் சொல்லி மறுபடி பிடிக்கச் சொன்னார்கள், திரையில் ஈரல் சாம்பலிலிருந்து வெளுத்தது, அதில் அந்தப் புள்ளி கறுப்பாகவே இருந்தது, பிறகு அதன் ஓரத்தில் ஒரு வெள்ளை, இன்னொரு ஓரத்தில் ஒரு வெள்ளை, உப்பளப் பாத்தியில் ஓரம் முதலில் வெளுத்து நடுவுக்கு வருகிற மாதிரி, அவசரமே இல்லாமல், படத்துக்குப் படம் நடுவை நோக்கி நிரம்பிக்கொண்டே வந்தது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"முடிச்சுதான்" என்றார். "ஓரத்துலருந்து நிரம்புது பாரு. வெறும் ரத்தக்குழாய் முடிச்சு. கத்தி வேண்டாம். அந்த சர்ஜனுக்கு நானே பேசுறேன்." பிறகு, சின்னக் குரலில், "கரெக்ட் ஸ்பீடுல ஏத்தியிருக்க. நான்கூட இவ்வளவு நீட்டா ஏத்த மாட்டேன்" என்றார்.

ரெக்சலின் வெறுமையான சிரிஞ்சில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றாள். எப்போது மறுபடி வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஸ்பீக்கரில் மைனியின் குரல் வந்தது, குகைக்குள்ளிருந்து, மல்லாக்கப் படுத்திருக்கிற குரல்.

"ஏட்டி ரெக்சி. முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மைனி. வெட்ட வேண்டாமாம். சும்மா கெடக்கிற முடிச்சாம்."

ஸ்பீக்கரில் மைனி மூக்கை உறிஞ்சினாள், ஊசி ஏற்றின கையை அசைக்கக் கூடாது என்பதால் துடைக்காமல் விட்டாள்.

"ஒரு சங்கதி கேக்கேன். மறைக்காமச் சொல்லு. மருந்து ஏறுனது எனக்குத் தெரிஞ்சுது, குளுகுளுன்னு, பட்டு மாதிரி ஏறுச்சு. தள்ளுனது நீதான?"

டாக்டர் திரும்பி அவளைப் பார்த்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊர் நின்றுகொண்டிருந்தது.

"நாந்தான் மைனி" என்றாள் ரெக்சலின்.

அவள் கட்டைவிரலுக்கு அடியில் தண்டு அசைந்தது. விரல்கடை அளவுக்கு, நிதானமாக, அவளைத் திருப்பித் தள்ளியது.